சுகர் மாத்திரை அட்டையின் பின்பக்கம்

கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேருக்குத் தாங்கள் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையின் பெயர் தெரியாது. "அந்த ரெண்டு கலர் மாத்திரை தாயி" என்பார் ஒருவர். "எப்பவும் வாங்குறதுதான்க்கா" என்பார் இன்னொருவர், ஊரில் எல்லாருடைய மாத்திரையையும் நான் மனப்பாடம் செய்து வைத்திருப்பேன் என்கிற நம்பிக்கையில். (பலருடையதைச் செய்துதான் வைத்திருக்கிறேன், அது வேறு விஷயம்.) காலி அட்டையில் ஒரு துண்டைக் கத்தரித்துப் பர்சில் வைத்திருப்பவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்களும் கத்தரித்து வைத்திருப்பது கம்பெனி வைத்த பெயர் பெரிதாகப் போட்டிருக்கும் பகுதியைத்தான். உள்ளே என்னென்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று பொடி எழுத்தில் இருக்கும் பகுதி குப்பைக்குப் போயிருக்கும்.

கோவில்பட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பார்மசி படித்தவள், டாக்டர் இல்லை. யாருக்கு எந்த மருந்து என்று சொல்வது என் வேலையும் இல்லை, இந்தப் பதிவின் நோக்கமும் இல்லை. எழுதிக் கொடுத்த மாத்திரை கடையைத் தாண்டி வீட்டுக்குப் போன பிறகு அதன் கதி என்ன ஆகிறது என்பதை, கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவரைக்கும் எழுதுகிறேன். அதிலும் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து வைத்திருக்கும் கூட்டு மாத்திரைகளைப் பற்றி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இந்தியாப்' என்ற சர்க்கரை நோய் ஆய்வு 2023-ல் வெளியானபோது நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்கு சொன்னது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். என் கடையில் மாதம் பிறந்ததும் விற்கிற சரக்கைப் பார்த்தால் அந்தக் கணக்கு எனக்கு ஆச்சரியமாக இல்லை.

எங்கள் பக்கம் அதிகம் ஓடுவது மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை. சிலவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இரண்டு அடுக்கு தெரியும். ஒரு அடுக்கு கிளிமிபிரைடு, வயிற்றுக்குள் போனதும் கரைந்துவிடும். இன்னொரு அடுக்கு மெட்பார்மின், எஸ்ஆர் என்று போட்டிருந்தால் பல மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மெட்பார்மின் கல்லீரலைப் பார்த்து, "நீ ரத்தத்துக்குள் விடுகிற சர்க்கரையைக் குறைத்துக்கொள்" என்கிறது. தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் கீழே தள்ளுவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியில்லை. அது கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினை வெளியே விடச் சொல்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா, பஸ்ஸுக்கு நிற்கிறீர்களா, கல்யாண முகூர்த்தம் பார்க்கப் போயிருக்கிறீர்களா என்றெல்லாம் அது கேட்பதில்லை. மாத்திரை உள்ளே போய்விட்டால் இன்சுலின் வரும். சாப்பாடு வந்தே ஆக வேண்டும்.

ஒரே மாத்திரை என்பதால் இரண்டும் ஒரே சுபாவம் என்று நினைத்துக்கொள்கிறோம். நான் பார்க்கிற சிக்கல்களில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது.

பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று ஒரு எண் வருமே, பெரும்பாலான பிராண்டுகளில் அது கிளிமிபிரைடின் மில்லிகிராம். மெட்பார்மின் எவ்வளவு என்பது பெயரில் இருக்காது, பின்பக்கம் திருப்பினால்தான் தெரியும். 500 இருக்கலாம். 'ஃபோர்ட்டே' என்று வால் இருந்தால் பெரும்பாலும் 1000. போன வருஷம் ஒருவர் 2 என்று போட்ட மாத்திரை கேட்டார். அன்றைக்குக் கையிருப்பில் இல்லை, 1 தான் இருந்தது. "சரி, 1-லயே ரெண்டு ரெண்டா போட்டுக்கிறேன், கணக்கு ஒண்ணுதானே" என்றார். ஒன்று இல்லை. 1-ல் இரண்டு போட்டால் கிளிமிபிரைடு 2 மில்லிகிராம் ஆகும், அது சரி. ஆனால் மெட்பார்மின் 500-க்குப் பதில் 1000 போய்விடும். அவருடைய சீட்டிலேயே டாக்டர் கிரியாட்டினின் (கிட்னி மந்தமானால் ரத்தத்தில் கூடுகிற கழிவு) கொஞ்சம் கூடியிருப்பதாக எழுதி மெட்பார்மினைக் குறைத்திருந்தார். அந்தக் கவலையெல்லாம் ஒரு பெருக்கல் கணக்கில் காற்றில் போயிருக்கும்.

இதன் தலைகீழ் வடிவம் மாத்திரையை உடைப்பது. டாக்டர் அளவைக் குறைக்கச் சொன்னார் என்று வீட்டில் மிச்சமிருக்கும் 2-ஐ கத்தியால் பாதியாக்கி 1 ஆக்குகிறவர்கள் உண்டு. எஸ்ஆர் மாத்திரையை உடைத்தால் மெதுவாகக் கசிய வேண்டிய மெட்பார்மின் மொத்தமாகக் கொட்டும், வயிறு கலங்கும். இரண்டு அடுக்கும் சரிபாதியாக உடையும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. காசு மிச்சப்படுத்தும் நினைப்பு எனக்குப் புரிகிறது. மிச்சம் இருக்கிற அட்டையை கொண்டு வாருங்கள், பிரிக்காத மாத்திரை என்றால் மாற்றித் தர முடியுமா என்று பார்ப்பேன் என்றுதான் சொல்வது.

எஸ்ஆர் மாத்திரை பற்றி இன்னொரு பயமும் அடிக்கடி வரும். மலத்தில் மாத்திரை முழுசாக வெளியே வந்துவிட்டது, மருந்து வேலையே செய்யவில்லை என்று பதறிக்கொண்டு வருவார்கள். மருந்து எல்லாம் கசிந்து முடிந்த பிறகு மேல் கூடு மட்டும் சில சமயம் அப்படியே வெளியேறும். வெறும் ஓடு. பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது இரட்டைக் கணக்கு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம். படி ஏற முடியாத பாட்டிகளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அதே பாட்டியை மகன் லீவுக்கு வரும்போது ஒரு தனியார் டாக்டரிடம் காட்டுவார். அவர் ஒரு கூட்டு மாத்திரை எழுதுவார். பாட்டி இரண்டையும் சாப்பிடுவார். அரசாங்க மாத்திரை தனித்தனியாக, பெயர் மட்டும் போட்ட சாதாரண அட்டையில் இருக்கும். தனியார் மாத்திரை பளபளப்பாக, வேறு பெயரில் இருக்கும். இரண்டிலும் இருப்பது ஒரே கிளிமிபிரைடு, ஒரே மெட்பார்மின் என்று பாட்டிக்கு எப்படித் தெரியும்? "இது கவர்மெண்டு மாத்திரை, அது சுகர் மாத்திரை" என்று என்னிடமே விளக்கியவர்கள் உண்டு. இரண்டு டாக்டரையும் குறை சொல்ல முடியாது. இரண்டு பேரிடமும் இரண்டு அட்டையும் காட்டப்படவில்லை, அவ்வளவுதான். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது சர்க்கரை இறங்குவதைப் பற்றி. 70-க்குக் கீழே போனால் குறைவு. 54-க்குக் கீழே போனால் உடனே கவனித்தாக வேண்டிய குறைவு. எங்கள் ஊரில் தீப்பெட்டி வேலைக்குப் போகிற பெண்கள் அதிகம். விடியும்போதே வேன் வந்துவிடும். டாக்டர் சீட்டில் 'சாப்பாட்டுக்கு முன்' என்று இருக்கும். அதனால் எழுந்ததும் மாத்திரையைப் போட்டுவிட்டு, தூக்குவாளியில் பழைய சோற்றை எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். சோற்றைத் திறக்கப் பத்து மணி ஆகும். அப்படி ஒருத்தியை ஒரு நாள் காலையில் இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கடைக்குக் கூட்டி வந்தார்கள். ஜாக்கெட் முழுக்க வியர்வை, நெற்றியில் முடி ஒட்டிக் கிடக்கிறது, பேச்சு குழறுகிறது, நான் பெயரைக் கேட்டால் எரிந்து விழுகிறாள். விரல் நுனியில் குத்திப் பார்த்தால் 46. கூட வந்தவள் விவரமானவள்தான், இனிப்பு கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. வழியிலேயே ஒரு கடலைமிட்டாயை வாங்கி வாயில் வைத்திருக்கிறாள்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எனக்கும் பெருமைதான். ஆனால் இறங்கின சர்க்கரையை ஏற்ற அது உதவாது. கடலையில் இருக்கிற எண்ணெய்ச் சத்து செரிமானத்தை மெதுவாக்கும். சாக்லேட்டும் அதே ரகம். அதோடு அந்தப் பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தது மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை. கிளிமிபிரைடு, மெட்பார்மின், கூடவே வோக்லிபோஸ். இந்த மூன்றாவது ஆளைப் பற்றி யாரும் வீட்டில் பேசுவதே இல்லை. குடலில் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் வெட்டித் துண்டாக்குகிற நொதியைப் பிடித்து நிறுத்துவதுதான் வோக்லிபோஸின் வேலை. நாம் டீயில் போடுகிற சீனி, வெல்லம் எல்லாம் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்து நிற்பவை. அந்தக் கையைப் பிரித்தால்தான் ரத்தத்தில் ஏறும். பிரிக்கிற கத்தரிக்கோலை மாத்திரை பூட்டி வைத்திருக்கும்போது சீனித் தண்ணீர் கொடுத்தால் ஏறுவதற்கு நேரமாகும். குளுக்கோஸ் ஏற்கெனவே பிரிந்தே இருப்பது, நேராக ஏறிவிடும். ஆகவே வோக்லிபோஸோ அதே வேலையைச் செய்கிற அகார்போஸோ உள்ள மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் இருக்கத்தான் வேண்டும். மற்றவர்களுக்குச் சீனித் தண்ணீரே போதும், ஆனால் அவசரத்தில் யார் அட்டையைத் திருப்பிப் படிக்கப் போகிறார்கள்? எல்லாருமே குளுக்கோஸ் வைத்துக்கொள்வது லேசு.

அளவு 15 கிராம். சமையல்கட்டுக் கணக்கில் மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து. கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறிவிட்டால் உடனே இட்லியோ சோறோ ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் குளுக்கோஸ் கொடுத்து 110-க்கு வந்ததும், "சரியாயிருச்சு, வேலைக்குப் போறேன்க்கா" என்று எழுந்துவிட்டாள். விடவில்லை. இன்சுலின் ஊசி கூடிப்போய் இறங்கிய சர்க்கரைக்கும், கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையால் இறங்கிய சர்க்கரைக்கும் வித்தியாசம் இருக்கிறது. மாத்திரையின் வேலை ஒரு நாள் முழுக்க நீளும். குளுக்கோஸ் தீர்ந்ததும் மறுபடி இறங்கும். வயதானவர்களுக்கும், கிட்னி மந்தமானவர்களுக்கும் இது இரண்டாம் நாள்கூட நடக்கும். அதனால்தான் இப்படி வருகிறவர்களைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்க வைக்கிறார்கள். பில்லைக் கூட்டுவதற்காக இல்லை.

'சாப்பாட்டுக்கு முன்' என்றால் என்ன? கிளிமிபிரைடைப் பொறுத்தவரை, இலை போட்ட பிறகு. இட்லி தட்டில் இறங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு மாத்திரையை வாயில் போடலாம், முதல் வாய் சாப்பாட்டோடு சேர்த்தும் போடலாம். அரை மணி முன்னால் என்பது பழைய மருந்துகளின் காலத்துப் பழக்கம். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் காரணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மெட்பார்மினுக்கோ சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டதும் என்பதுதான் தோது, வயிற்றுப் புரட்டல் குறையும். இரண்டும் ஒரே மாத்திரையில் இருக்கும்போது சாப்பாட்டைத் தொட்டுக்கொண்டு போடுவது இரண்டுக்கும் பொருந்திப் போகிறது.

கிளிமிபிரைடின் குடும்பத்துக்கு இந்தக் குணம் பிறவியிலேயே உண்டு. 1942-ல் பிரான்சில் மோன்பெலியே நகரத்தில் மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர் டைபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புது சல்ஃபா மருந்து கொடுத்துப் பார்த்தார். யுத்த காலம், நோயாளிகள் சரியான சாப்பாடு இல்லாமல் வற்றிக் கிடந்தவர்கள். டைபாய்டு போவதற்குப் பதில் அவர்களுக்குச் சர்க்கரை இறங்கிப்போய் வலிப்பும் மயக்கமும் வந்தது, சிலர் இறந்தும் போனார்கள். அதே ஊரில் இருந்த ஒகுஸ்த் லுபாத்தியேர் நாய்களிடம் சோதித்து, கணையம் இருந்தால்தான் இந்த மருந்து சர்க்கரையை இறக்குகிறது என்று கண்டுபிடித்தார். அதிலிருந்து கிளைத்து வந்ததுதான் டோல்புட்டமைடு, கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு எல்லாம். வெறும் வயிற்றில் கிடந்தவர்களிடம்தான் இந்த மருந்தின் சக்தி முதலில் தெரிந்தது என்பதை விடியற்காலையில் மாத்திரை போட்டுவிட்டு வேன் ஏறுகிறவர்களிடம் நான் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. எனக்கு மட்டும் ஞாபகம் வரும்.

மெட்பார்மினின் வம்சம் சாதுவானது. கலேகா என்ற ஊதாப்பூச் செடியில் இருந்த பொருளைப் பார்த்துச் செய்தது. பாரிசில் ழான் ஸ்டெர்ன் 1957-ல் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்த விவரத்தை வெளியிட்டார். அதன் பங்காளியான ஃபென்பார்மின் ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஏற்றிவிட்டு ஆட்களைக் கொன்றதால் 1970-களின் கடைசியில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. அந்தப் பழி மெட்பார்மின் மேலும் ஒட்டிக்கொண்டு, அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைக்க 1994 வரை ஆயிற்று. மெட்பார்மினில் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் கிட்னி கெட்டுப்போனால், கடும் நீரிழப்பு இருந்தால், குடி அதிகமானால் கூடும். கிட்னி வடிகட்டும் வேகத்தை ஈஜிஎஃப்ஆர் என்று லேப் ரிப்போர்ட்டில் போடுவார்கள். 30-க்குக் கீழே போனால் மெட்பார்மின் கூடாது. 30-லிருந்து 45-க்குள் என்றால் அளவைக் குறைக்க வேண்டும். கூட்டு மாத்திரையின் கஷ்டம் இங்கேதான் தெரியும். மெட்பார்மினை மட்டும் குறைக்க வேண்டும், மற்றதை அப்படியே வைக்க வேண்டும் என்றால் அந்த மாத்திரையால் முடியாது. வேறு மாத்திரை எழுதி வாங்க வேண்டும்.

கிட்னி விஷயத்தில் ஒரு ஏமாற்று உண்டு. வருஷக்கணக்காக 200-லேயே நின்ற ஒருவருக்கு, சாப்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லாமல், சர்க்கரை தானாக 120-க்கு வரும். வீட்டில் பாயசம் வைக்காத குறை. மாத்திரை இப்போதுதான் உடம்புக்குப் பிடித்திருக்கிறது என்பார்கள். கிட்னி மந்தமானால் இன்சுலினும் கிளிமிபிரைடும் உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறாது, அதனாலும் சர்க்கரை இறங்கும். காரணமில்லாமல் சர்க்கரை நன்றாகிவிட்டது என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் நான் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது கிரியாட்டினின் பார்த்தீர்கள் என்பதுதான். அடுத்த கேள்வி முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். வலி மாத்திரையைத் தினமும் மிட்டாய் மாதிரிச் சாப்பிட்டுக் கிட்னியைக் கெடுத்துக்கொண்டவர்களை எங்கள் கடை வாசலில் நிறையப் பார்த்தாயிற்று.

வேறு மாத்திரை வாங்கும்போதும் "எனக்குச் சுகர் மாத்திரை ஓடுது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சிப்ரோபிளாக்சசின், லீவோபிளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக், கோ-டிரைமாக்சசோல், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளுகோனசோல் இவையெல்லாம் கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரையை இறக்கிவிடலாம். சிப்ரோவின் அதே வகையைச் சேர்ந்த காட்டிபிளாக்சசின் சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றி இறக்கியதால் 2011-ல் நம் நாட்டில் அதன் மாத்திரையும் ஊசியும் தடை செய்யப்பட்டது. மெட்டோபிரோலால், பிரோபிரனலால் மாதிரிப் பிரஷர் மாத்திரைகள் இன்னொரு விதம். சர்க்கரை இறங்கும்போது வருகிற படபடப்பையும் நடுக்கத்தையும் அவை அமுக்கிவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். எங்கள் ஊர் வெயிலில் வியர்வையை யார் அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள்?

புதுசாக வந்த கூட்டு மாத்திரைகள் இந்தப் பயத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கின்றன. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்றவை சாப்பாடு வந்தால்தான் பெரிதாக வேலை செய்யும். மெட்பார்மினோடு மட்டும் சேர்ந்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போவது குறைவு. முன்பெல்லாம் விலையைக் கேட்டதும் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். வில்டாகிளிப்டினின் காப்புரிமை 2019 டிசம்பரிலும் சிட்டாகிளிப்டினின் காப்புரிமை 2022 ஜூலையிலும் முடிந்தது, உள்ளூர்க் கம்பெனிகள் வரிசையாக இறங்கின, விலை சரிந்தது. 2022 செப்டம்பரில் மக்கள் மருந்தகத்தில் சிட்டாகிளிப்டின் 50, மெட்பார்மின் 500 சேர்ந்த பத்து மாத்திரை 65 ரூபாய்க்கு வந்தது. தனிக் கடைக்காரி நான் இதைச் சொல்வது வியாபாரத்துக்கு நல்லதில்லை. இருந்தாலும், தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், தனியாக இருக்கும் வயதானவர்கள் எல்லாம், "சர்க்கரை ரொம்ப இறங்காத மாத்திரை எனக்கு ஒத்துவருமா?" என்று டாக்டரிடம் கேட்கலாம். கேட்டால் யாரும் கோபிப்பதில்லை.

டாபாகிளிஃப்ளோசின் சேர்ந்தவை வேறு ரகம். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியே தள்ளும். இதயத்துக்கும் கிட்னிக்கும் நன்மை இருக்கிறது. ஆனால் சர்க்கரை போகிற பாதையில் பூஞ்சை வளரும். கடையில் கூட்டம் கலைந்த பிறகு பெண்கள் வந்து மெல்லிய குரலில் அரிப்பு என்பார்கள், ஆண் கடைக்காரர்களிடம் சொல்ல முடியாமல் பக்கத்து ஊரிலிருந்தே வருகிறார்கள். அது தங்கள் சர்க்கரை மாத்திரையால் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. யாரோ சொன்ன ஃப்ளுகோனசோலை வாங்கிக்கொண்டு போனால், அவர்கள் சாப்பிடுகிற கூட்டு மாத்திரையில் கிளிமிபிரைடும் இருந்தால், மேலே சொன்ன கதை திரும்புகிறது. ஃப்ளுகோனசோல் ஒரே ஒரு மாத்திரை என்றால் பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகலாம், தொடர்ந்து சாப்பிட்டால் அப்படி விட முடியாது. தடவுகிற க்ரீமும் தண்ணீர் விட்டுக் கழுவுவதுமே பலருக்குப் போதும், முதலில் டாக்டரிடம் சொல்லிவிட்டு.

இந்த ரகத்துக்குப் பட்டினியும் ஆகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சலில் சாப்பிட முடியவில்லை என்றால் டாபாகிளிஃப்ளோசினை நிறுத்திவைக்கச் சொல்வார்கள், மெட்பார்மினையும்தான். ஆபரேஷன் என்றால் டாபாகிளிஃப்ளோசினை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறலாம், அதுவும் சர்க்கரை அளவு ஓரளவு சரியாகவே காட்டும்போது. மீட்டரைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். சாயம் ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேனுக்குப் போகிறவர்கள் மெட்பார்மின் சாப்பிடுவதை அங்கே சொல்லிவிட வேண்டும். கிட்னி பலவீனமானவர்களுக்கு நிறுத்தி வைத்து, 48 மணி நேரம் கழித்துக் கிரியாட்டினின் பார்த்த பிறகு மறுபடி தொடங்குவார்கள். இங்கேயும் கூட்டு மாத்திரை ஆபத்தை மறைக்கிறது. "மெட்பார்மின் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால், "இல்லையே, நான் சுகர் மாத்திரைதான் சாப்பிடுறேன்" என்று மனசாரச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

விரதமும் இதில்தான் வரும். ஐப்பசியில் திருச்செந்தூர் சஷ்டிக்கு ஆறு நாள் பாலும் பழமுமாக இருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. விரதத்தை விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, மறைத்து இருப்பார்கள். ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். இந்த விஷயத்தில் ரம்ஜான் நோன்பு வைப்பவர்களுக்கு வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. ஒரு வேளை கிளிமிபிரைடு என்றால் அது நோன்பு திறக்கும் நேரத்துக்கு நகரும், மெட்பார்மின் இரண்டு வேளை என்றால் நோன்பு திறக்கும் இஃப்தாருக்கும் விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்கும் போகும். கூட்டு மாத்திரையை அப்படிப் பிரித்து நகர்த்த முடியாது என்பதால் அந்த மாதத்துக்கு மட்டும் தனித்தனியாக எழுதுகிற டாக்டர்கள் உண்டு. நம் சஷ்டிக்கும் அதே மூளையைச் செலவழிக்கலாம்.

மெட்பார்மின் ரொம்ப வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். பாத எரிச்சல், மரத்துப்போவது எல்லாம் சர்க்கரையால் என்றே முடிவு கட்டிவிடுகிறோம், பாதி பி12-ஆகக்கூட இருக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கலாம்.

மறந்துபோன மாத்திரைக்குச் சேர்த்து ராத்திரி இரண்டாகப் போடக் கூடாது. இதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். இதன் இன்னொரு வடிவத்தைத்தான் யாரும் தவறாக நினைப்பதில்லை. கல்யாண வீட்டில் இலையில் வைத்த ஜாங்கிரிக்கும் பாயசத்துக்கும் சரிக்கட்ட ஒரு மாத்திரை கூட. இனிப்பு ஏற்றுவது ஓரிரண்டு மணி நேரம், கூடுதல் கிளிமிபிரைடு இருக்கப்போவது விடியும் வரை. விருந்து சாப்பிட்டவருக்கு ராத்திரி பசிக்காது, வெறும் மோரோடு படுத்துவிடுவார். தூக்கத்தில் இறங்கினால் வியர்வையை யாரும் பார்க்க மாட்டார்கள். பக்கத்துத் தெரு ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் இதை வருஷா வருஷம் செய்கிறார். இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"தீபாவளிக்கு மட்டும்தான் தாயி."

"அப்போ பொங்கலுக்கு, சார்?"

"பொங்கலுக்கு அரை மாத்திரை. சர்க்கரைப் பொங்கல்ல வெல்லம்தானே."